தங்கையின் பிள்ளைகளை வளர்க்க எனக்கு எதற்குப் பயிற்சி?

லண்டனில் இருக்கும் ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய தங்கையின் பத்து வயது மகளையும் ஐந்து வயது மகனையும் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) அவர் வீட்டில் விட்டிருக்கிறது. பிள்ளைகளை வைத்துப் பார்க்கத் தற்காலிக அனுமதி கிடைத்துவிட்டது. இப்போது பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள், ஒரு வொர்க்புக்கை நிரப்பச் சொல்கிறார்கள். "மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள் நான். சொந்தத் தங்கையின் பிள்ளைகளை வளர்க்க எனக்கு என்ன பயிற்சி? இங்கிலீஷில் எழுதவும் வராது. போகாவிட்டால் பிள்ளைகளை எடுத்துவிடுவார்களா?" என்பது அவர் கேள்வி.

அக்கா, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அந்தப் பயம் இருக்கும்வரை மற்றது எதுவும் காதில் ஏறாது. ஒரு பயிற்சி நாளைத் தவறவிட்டதற்காக யாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. கவுன்சிலுக்கும் பிள்ளைகள் சொந்தத்தில் இருப்பதுதான் விருப்பம், சட்டமும் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. ஆனால் பயிற்சியையே முழுதாகத் தள்ளிவிட்டால், உங்களைப் பற்றிய அறிக்கையில் அது எழுதப்படும், மீளாய்வுக் கூட்டத்தில் கேள்வி வரும். அதனால் போய்விடுங்கள். போவதற்கு அதைவிட நல்ல காரணங்களும் இருக்கின்றன. அவற்றைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் ஃபொஸ்டர் கேரர்களுக்கு, அதாவது கவுன்சில் ஒப்படைக்கும் பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, பயிற்சி கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். உங்களைப்போல் தங்கை பிள்ளைகளையும், பேரப்பிள்ளைகளையும் திடீரென்று ஏற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள், எந்த நாட்டிலிருந்து வந்தவர்களாக இருந்தாலும். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிள்ளை வளர்க்க உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளை வளர்த்தபோது இல்லாத மூன்று விஷயங்கள் இப்போது உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கின்றன. இந்தப் பிள்ளைகள் எதையோ பார்த்துப் பயந்து வந்திருக்கிறார்கள். கவுன்சில் உங்கள் வீட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்பது உங்கள் சொந்தத் தங்கை. இந்த மூன்றையும் சமாளிக்கக் கற்றுக்கொள்வதுதான் பயிற்சி.

முதலில் நடைமுறை. உங்களுக்குக் கிடைத்திருக்கும் தற்காலிக அனுமதி 16 வாரத்துக்குத்தான். தேவைப்பட்டால் இன்னும் 8 வாரம் நீட்டலாம். அதற்குள் உங்கள் வீடு, உடல்நலம், போலீஸ் பதிவு, குடும்பப் பின்னணி எல்லாவற்றையும் பார்த்து ஓர் அறிக்கை எழுதி, ஃபொஸ்டரிங் பனல் என்ற, அனுமதி பற்றிப் பரிந்துரைக்கும் குழுவின் முன்னால் வைப்பார்கள். அந்நியர் பிள்ளையை வளர்க்க முன்வருகிறவர்களுக்கு எல்லாம் முறைப்படி நடக்கும்: முதலில் 'ஸ்கில்ஸ் டு ஃபொஸ்டர்' என்ற ஆயத்தப் பயிற்சி, பிறகு மதிப்பீடு, பிறகு அனுமதி, அதற்கப்புறம்தான் பிள்ளை. உங்களுக்குத் தலைகீழ். பிள்ளை இரவோடு இரவாக வந்துவிட்டது, ஆயத்தம் பின்னால் வருகிறது. அதனால்தான் பொது வகுப்பில் போய் உட்காரும்போது "இதெல்லாம் எனக்குச் சம்பந்தமில்லாதது" என்று தோன்றும். உறவுக்காரக் கேரர்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சில கவுன்சில்களில் இருக்கிறது. இல்லையென்றால் பொது வகுப்புக்கே போங்கள், ஆனால் உங்கள் நிலைமையை முன்கூட்டியே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். "ஏன் ஃபொஸ்டர் கேரராக ஆசைப்பட்டீர்கள்?" என்று ஆளாளுக்குக் கேட்கும்போது உங்களுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. நீங்கள் ஆசைப்பட்டு வந்தவர் இல்லையே.

அந்த வொர்க்புக் பற்றி. பயிற்சி, ஆதரவு, மேம்பாடு என்று ஏழு தரங்கள் இருக்கின்றன, 2012ல் வெளியானவை. ஃபொஸ்டரிங்கின் அடிப்படை மதிப்புகள், உங்கள் பொறுப்பு, உடல்நலமும் வீட்டுப் பாதுகாப்பும், பேச்சும் தொடர்பும், பிள்ளை வளர்ச்சி, ஆபத்திலிருந்து காத்தல், உங்களை நீங்களே வளர்த்துக்கொள்ளுதல் என்று ஏழு. மற்றக் கேரர்கள் அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். உறவுக்காரர்களுக்கு 18 மாதம். ஆறு மாதம் கூடுதலாகத் தருவதே உங்கள் நிலைமை வேறு என்று தெரிந்துதான். உறவுக்காரர்களுக்கென்று தனி வொர்க்புக்கும் இருக்கிறது. பொது வொர்க்புக்கைக் கையில் கொடுத்திருந்தால் மற்றதைக் கேட்டு வாங்குங்கள்.

இதில் பரீட்சை கிடையாது, தேர்ச்சி தோல்வி கிடையாது. நீங்கள் செய்துகொண்டிருப்பதைச் சான்றோடு காட்ட வேண்டும், அவ்வளவுதான். மகனைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போன குறிப்பு, பள்ளி ஆசிரியர் அனுப்பிய கடிதம், முதலுதவி வகுப்புச் சான்றிதழ் எல்லாமே சான்றுதான். எழுத்து வராது என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். உங்களுக்கென்று ஒரு சோஷல் வொர்க்கர் (சமூகப் பணியாளர்) வருவார். பிள்ளைகளின் சோஷல் வொர்க்கர் வேறு, இவர் வேறு. இவர் உங்களைப் பார்த்துக்கொள்ள வருகிறவர். அவரிடம் நீங்கள் வாயால் சொல்ல, அவர் குறித்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் கேளுங்கள். ஒன்றே ஒன்று: உங்கள் சொந்த மகனையோ மகளையோ உட்காரவைத்து முழு வொர்க்புக்கையும் எழுதவைக்காதீர்கள். அது ஏன் என்று, பிள்ளைகளுக்கு நடந்ததை எழுதவேண்டிய பக்கங்களைப் பார்த்தால் புரியும். அந்த விவரங்கள் அவர்கள் கண்ணில் படக்கூடாது.

சரி, பயிற்சியில் உண்மையில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

பயந்து வந்த பிள்ளையின் நடத்தையை வேறு கண்ணால் பார்க்கச் சொல்லித்தருகிறார்கள். ஐந்து வயது மகன் பிஸ்கட்டையும் பாணையும் தலையணைக்குக் கீழே ஒளித்து வைக்கலாம். நம் வீட்டில் அதைக் களவு என்போம், "கேட்டால் தரமாட்டேனா?" என்று ஏசுவோம். அடுத்த வேளைச் சாப்பாடு வருமா என்று தெரியாத வீட்டில் இருந்த பிள்ளை அப்படித்தான் செய்யும். ஏசினால் இன்னும் நன்றாக ஒளிக்கும். அவனுக்கென்று ஒரு டப்பாவில் எப்போதும் ஏதாவது போட்டு, அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாக ஒளிப்பது குறையும். இதைச் சொன்னால் சாதாரண விஷயம்போலத் தெரியும். ஆனால் தானாகத் தோன்றாது, யாராவது சொல்லித்தர வேண்டும்.

பத்து வயது மகளைப் பற்றி எனக்கு இன்னும் கவலை. நீங்கள் எழுதியதில் "அவள் ஒரு தொந்தரவும் இல்லை, தம்பியைக் குளிப்பாட்டுவதிலிருந்து எல்லாம் அவளே செய்கிறாள்" என்று ஒரு வரி வருகிறது. அம்மாவால் முடியாத வீட்டில் மூத்த பிள்ளை அம்மாவாகிவிடும். அதைப் பொறுப்பான பிள்ளை என்று நாம் பாராட்டினால், அவள் அந்த வேலையிலேயே நின்றுவிடுவாள். தம்பியின் வேலையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்க வேண்டும், அவளிடம் இருந்து பிடுங்குவதுபோல் இல்லாமல். முதலில் கோபப்படுவாள். நீங்கள் செய்வது சரியாக இருக்குமா என்று அவளுக்கு நம்பிக்கை வரவேண்டும். இதற்கெல்லாம் டான் ஹ்யூஸ் என்ற உளவியலாளர் சொன்ன ஒரு வழி இங்கே பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. பேஸ் (PACE) என்று சொல்வார்கள். விளையாட்டுத்தனம், ஏற்றுக்கொள்ளுதல், 'ஏன் இப்படிச் செய்கிறாய்' என்று குற்றம்சாட்டாமல் உண்மையிலேயே அறிய விரும்புதல், கூடவே வருந்துதல் என்று நான்கும் சேர்ந்தது. கேட்டவுடன் "செல்லம் கொடுக்கச் சொல்கிறார்கள்" என்று நம்மவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. எல்லை அப்படியே இருக்கும். தம்பியை அடித்தால் "அடிக்கக்கூடாது" என்பது மாறாது. அதைச் சொல்வதற்கு முன்னால் "அவன் உன் பொம்மையைத் தொட்டதும் பயந்துவிட்டாய் போல" என்று ஒரு வரி வரும். வகுப்பில் இதைப் பலமுறை பேசிப் பார்க்கவைப்பார்கள். கூச்சமாக இருக்கும். பேசிப் பாருங்கள், வாயில் பழக வேண்டும்.

அடுத்தது அடி. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சொந்தப் பெற்றோருக்கு "நியாயமான தண்டனை" என்று சட்டத்தில் ஓர் ஓட்டை இன்னும் இருக்கிறது. ஸ்காட்லாந்து அதை 2020லும் வேல்ஸ் 2022லும் மூடிவிட்டன. ஃபொஸ்டர் கேரருக்கு இங்கிலாந்திலும் அந்த ஓட்டை கிடையாது. 2011ஆம் ஆண்டு ஃபொஸ்டரிங் விதிகளின்படி எந்த வகையான உடல் தண்டனையும் கூடாது. நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலும் அது இருக்கும். பெரியம்மாவாக இருந்தாலும் சரி, ஒரு குட்டாக இருந்தாலும் சரி. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்களுக்கும் இதை நீங்கள்தான் விளக்க வேண்டும். பிள்ளை பள்ளியில் போய் "தாத்தா அகப்பைக் காம்பைக் காட்டினார்" என்று சொன்னால் விசாரணை வரும். இந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஏற்கெனவே அடிபட்டவராக இருந்தால், நீங்கள் வெறுமனே கையை ஓங்கினாலே அவருக்குப் பழைய வீடு திரும்பி வந்துவிடும்.

குறிப்பு எழுதுவதை எல்லாரும் வெறுப்பார்கள். தினமும் நடந்ததை எழுதி வைக்கச் சொல்வார்கள். நான் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இதற்குத்தான். கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள், உங்கள் ஊகத்தைத் தனியாக எழுதுங்கள். "அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து மூட் சரியில்லை" என்பது யாருக்கும் உதவாது. "நான்கு மணிக்கு வந்தாள், சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் படுத்தாள், இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றாள், 'அம்மா அழுதவ' என்று ஒருமுறை சொன்னாள்" என்று எழுதினால் உதவும். பிள்ளை தமிழில் சொன்னதைத் தமிழிலேயே அதே சொற்களில் எழுதி, கீழே பொருளைத் தாருங்கள். சோஷல் வொர்க்கரின் ஆங்கிலத்துக்காகப் பிள்ளையின் வாய்மொழியை மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் இந்தக் குறிப்பு கேட்கப்படலாம். யாராவது உங்கள்மேல் பொய்க் குற்றச்சாட்டு வைத்தால் உங்களைக் காப்பாற்றுவதும் இதுதான். இன்னொன்றும் இருக்கிறது. கவுன்சில் பராமரிப்பில் இருந்த பிள்ளையின் கோப்பை அந்தப் பிள்ளையின் 75ஆவது பிறந்தநாள் வரை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வளர்ந்தபிறகு அவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். உங்கள் தங்கையின் மகள் முப்பது வயதில் அதைத் திறக்கும்போது, "இன்று முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தாள்" என்ற வரியும் அதில் இருக்கட்டும். குறைகளை மட்டும் எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

இனி உங்கள் தங்கை. பயிற்சிகளிலேயே மிகவும் பலவீனமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. பொது வகுப்பில் பிள்ளையின் பெற்றோரை "பிறந்த குடும்பம்" என்று எட்ட நின்று பேசுவார்கள். உங்களுக்கு அவர் கூடப் பிறந்தவர். அவர் பக்கம் நின்றால் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை. பிள்ளை பக்கம் நின்றால் "என் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டாள்" என்று ஊரெல்லாம் பேச்சு. அம்மாவும் அப்பாவும் இலங்கையிலிருந்து தொலைபேசியில் "தங்கச்சியைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போக விடு" என்று கெஞ்சுவார்கள். சந்திப்பு எங்கே, எத்தனை நேரம், யார் மேற்பார்வை என்று கவுன்சிலோ நீதிமன்றமோ தீர்மானித்திருக்கும்போது, அதை மீறும் அதிகாரம் உங்களிடம் இல்லை. அதை ஒரு பாரமாக நினைக்காமல் சாக்காகவே பயன்படுத்துங்கள். "எனக்கு விருப்பம்தான், ஆனால் சோஷல் வொர்க்கர் விடமாட்டார்" என்று சொல்லப் பழகுங்கள். உறவு உடையாமல் இருக்க அது உதவும். அப்படிச் சொல்லலாம் என்று உங்கள் சோஷல் வொர்க்கரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சோஷல் வொர்க்கர் அந்தப் பழியைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்.

நம் வீடுகளில் வரும் சிக்கல்கள் எந்த வொர்க்புக்கிலும் இல்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு மொட்டை போடுவதாக நேர்த்தி வைத்திருக்கிறீர்களா? பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் தலைமுடி வெட்டுவதுகூட யார் முடிவு என்று எழுத்தில் இருக்க வேண்டும். எந்த முடிவை நீங்களே எடுக்கலாம், எதற்குத் தங்கையையும் கவுன்சிலையும் கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும். காது குத்துவது, பள்ளிச் சுற்றுலா, மச்சாள் வீட்டில் இரவு தங்குவது எல்லாம் அதில் வரட்டும். மகளுக்குப் பத்து வயது. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா) என்ற பேச்சு வரும். யார் செய்வது, தாய் வந்து நிற்கலாமா, ஹோல் எடுத்துப் படம் பிடித்து முகநூலில் போடலாமா, எல்லாவற்றுக்கும் மேல் அவளுக்கு அது வேண்டுமா என்று இப்போதே சோஷல் வொர்க்கரோடு பேசத் தொடங்குங்கள். ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போக நினைத்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன் கேளுங்கள். பிள்ளைகள் நீதிமன்ற ஆணையின் கீழ் இருக்கிறார்களா, தங்கையின் சம்மதத்தில் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்து யாருடைய அனுமதி என்பது மாறும்.

இங்கே ஒன்றைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம், பிள்ளையின் மதம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கவுன்சில் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. இந்த விஷயத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள், கற்பிக்க வேண்டியவர் நீங்கள். சாமத்திய வீடு என்றால் என்ன, அந்தியேட்டி என்றால் என்ன, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஏன் முக்கியம் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். வொர்க்புக்குக்காகச் சேர்க்கும் உங்கள் சான்றுகளிலும் அது சேரும்.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்வது பற்றியும் வகுப்பு இருக்கும். தயவுசெய்து அதைத் தவறவிடாதீர்கள். "அம்மாவுக்கு வேலை, ஊருக்குப் போயிருக்கிறா" என்று நம்மவர்கள் மூடிவிடுவார்கள், ஊர்வாய்க்குப் பயந்து. பிள்ளைக்குப் பாதி தெரியும். மீதியை அது தானாகக் கட்டிக்கொள்ளும், பெரும்பாலும் "நான் கெட்ட பிள்ளை, அதனால்தான்" என்று. வயதுக்கேற்ற உண்மையை எப்படிச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்வது என்று கற்பிப்பார்கள். வெளியாட்கள் கேட்டால் பிள்ளை என்ன பதில் சொல்லலாம் என்றும் சேர்ந்து யோசித்து வைப்பார்கள். கோயிலில் யாராவது "நீ யாற்ற பிள்ளை?" என்று கேட்கத்தான் போகிறார்கள்.

உங்கள் கணவரும் வர வேண்டும். இருவர் பெயரிலும் அனுமதி வாங்கினால் அந்தத் தரங்கள் இருவருக்கும்தான். "மனுசி போய்ப் படித்துவிட்டு வந்து சொல்லட்டும்" என்று பல ஆண்கள் விட்டுவிடுகிறார்கள். ஆனால் குற்றச்சாட்டு அவர்கள்மேலும் வரலாம். குளியலறை, படுக்கையறை, தனியாகக் காரில் கூட்டிப்போவது என்று பாதுகாப்பான நடைமுறைகளை அவர் காதால் கேட்க வேண்டும். உங்கள் பெரிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும்.

எந்தப் பயிற்சி உண்மையில் பயன்படும் என்று கேட்டால், கணினியில் பொத்தானை அமுக்கி அமுக்கிச் சான்றிதழ் வாங்கும் பாடங்களை நான் கடைசியில்தான் வைப்பேன். ஒரே நிலையில் இருக்கும் கேரர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் குழுவை முதலில் வைப்பேன். 'கின்ஷிப்' என்ற தொண்டு நிறுவனம் இங்கிலாந்தில் உள்ள எல்லா உறவுக்காரக் கேரர்களுக்கும் இலவசமாகப் பயிற்சி நடத்துகிறது, 2024ல் அரசுப் பணத்தில் தொடங்கியது. அவர்களிடம் ஆதரவுக் குழுக்களும் இருக்கின்றன. சில இடங்களில் 'மொக்கிங்பேர்ட்' என்ற முறையும் உண்டு. அனுபவமுள்ள ஒரு கேரர் வீட்டை மையமாக வைத்து, சுற்றியுள்ள ஆறு முதல் பத்துக் குடும்பங்கள் ஒரு கூட்டுக் குடும்பம்போல் இயங்கும். அமெரிக்காவில் தொடங்கியது, நம் பழைய முற்றத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்குப் புதிதாகத் தெரியாது. உங்கள் பகுதியில் இருந்தால் சேர்ந்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று, நாள் கடப்பதற்கு முன் செய்ய வேண்டியது. கொஞ்ச காலத்தில் "ஸ்பெஷல் கார்டியன்ஷிப் ஆணை எடுங்கள்" என்று கவுன்சில் சொல்லலாம். பிள்ளைகளுக்கு உங்களைப் பாதுகாவலராக்கும் நீதிமன்ற ஆணை அது, 2005 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. எடுத்தால் பிள்ளைகள் பற்றிய பெரும்பாலான முடிவுகளை நீங்களே எடுக்கலாம், சோஷல் வொர்க்கர் வீட்டுக்கு வந்துபோவதும் நின்றுவிடும். பல குடும்பங்களுக்கு அது நல்லதுதான். ஆனால் அதோடு நீங்கள் ஃபொஸ்டர் கேரர் இல்லை என்றாகிவிடும். வொர்க்புக்கும் போகும், கூடவே பயிற்சியும் உங்களுக்கென்று இருந்த சோஷல் வொர்க்கரும் போய்விடலாம். பிள்ளைகள் பதின்ம வயதை எட்டும்போதுதான் உதவி அதிகம் தேவைப்படும், அப்போது கதவைத் தட்டினால் "கோப்பு மூடியாச்சு" என்பார்கள். ஆகவே நீதிமன்றத்துக்குப் போகும் முன் ஆதரவுத் திட்டம் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள். என்ன பயிற்சி, எத்தனை காலம், தங்கையுடனான சந்திப்புக்கு யார் உதவி, பணம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக. கவுன்சில் பராமரிப்பில் இருந்து நேராக இந்த ஆணைக்கு வரும் பிள்ளைகளுக்கு மனநலச் சிகிச்சைக்கென்று அரசு நிதி ஒன்றும் இருக்கிறது, அதையும் கேட்டு வையுங்கள். 'ஃபேமிலி ரைட்ஸ் குரூப்' என்ற அமைப்பு இதில் இலவச ஆலோசனை தருகிறது. கையெழுத்துப் போடும் முன் அவர்களோடும் ஒரு வழக்கறிஞரோடும் பேசுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கவுன்சில் தலையிடாமல், ஊரிலிருந்து வந்த ஒன்றுவிட்ட அக்காவின் மகனையோ சிநேகிதியின் மகளையோ வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு வேறொரு சட்டம் இருக்கிறது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை 28 நாளோ அதற்கு மேலோ வைத்திருந்தால் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளையானால் பதினெட்டு வரை. பாட்டி, தாத்தா, கூடப்பிறந்தவர், பெற்றோரின் கூடப்பிறந்தவர், மாற்றாந்தாய் மாற்றாந்தந்தை இவர்களுக்கு மட்டும் விலக்கு. நமக்கு ஒன்றுவிட்ட சித்தியும் சித்திதான், இந்தச் சட்டத்துக்கு அவர் அந்நியர். 2000ல் லண்டனில் கொடுமைப்பட்டு இறந்த விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமியை ஐவரி கோஸ்டிலிருந்து கூட்டி வந்தவரும் அப்படி ஒரு தூரத்து உறவுதான். அறிவித்தால் ஒரு சோஷல் வொர்க்கர் வந்து பார்ப்பார், பிள்ளை நலமாக இருந்தால் தொடரவிடுவார், உங்களுக்கு என்ன உதவி இருக்கிறது என்றும் சொல்வார். இதுவரை அறிவிக்காமல் இருந்தால், இந்த வாரமே கவுன்சிலின் சிறுவர் பிரிவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.